எழுத்து எழுத்தாக வரும் தமிழ்த் தலைப்புகள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

முகப்புப் பக்கத் தலைப்பு எழுத்து எழுத்தாக எழும்பி வரவேண்டும் என்று அண்மைக் காலமாகப் பலரும் கேட்கிறீர்கள். காரணம் தெரிந்ததுதான். ஜிஎஸ்ஏபி என்ற அனிமேஷன் நிரலகத்தை வெப்ஃப்ளோ நிறுவனம் 2024இல் வாங்கியது. அதுவரை பணம் கட்டியவர்களுக்கே கிடைத்த, உரையை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டெக்ஸ்ட் போன்ற துணைக்கருவிகள், 2025 ஏப்ரல் இறுதியில் வணிகப் பயன்பாடு உட்பட எல்லோருக்கும் இலவசமாயின. அதன்பின் எந்த ஆங்கிலத் தளத்தைத் திறந்தாலும் தலைப்பு துள்ளுகிறது. ஆங்கிலத்தில் இது சில வரி நிரலில் முடிந்துவிடும். தமிழில் முடியாது. ஏன் என்பதையும், உங்களிடமிருந்து எங்களுக்கு என்ன தேவை என்பதையும் எழுதுகிறோம்.

நாம் 'கொடி' என்பதை இரண்டு எழுத்தாகப் பார்க்கிறோம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அது நான்கு குறியீடுகள்: க, ஒகரக்குறி, ட, இகரக்குறி. வலைப்பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் சொல்லை வெறுமனே உடைத்தால் இந்த நான்கும் தனித்தனியாகப் பிரியும். உயிர்க்குறி தனியே நின்றால் உலாவி அதன் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தைப் போட்டுக் காட்டும். தலைப்பு முழுக்க புள்ளிவட்டங்கள் பறக்கும் தளங்களுக்கு இதுதான் காரணம். எழுத்துருவின் மேல் பழி போட வேண்டாம்.

இதற்கு உலாவிக்குள்ளேயே மருந்து இருக்கிறது. இன்டல் செக்மென்டர் என்ற வசதி, உயிர்க்குறியையும் புள்ளியையும் அவற்றின் மெய்யோடு சேர்த்தே பிரிக்கும். 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125 வந்ததிலிருந்து எல்லா முதன்மை உலாவிகளிலும் இது உண்டு. ஆனால் இதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், 'ஸ்ரீ'யில் மாட்டிக்கொள்வோம். செக்மென்டர் அதை 'ஸ்', 'ரீ' என்று இரண்டாக வெட்டும். 'லக்ஷ்மி'யில் உள்ள 'க்ஷ்' என்பதையும் 'க்', 'ஷ்' என்று பிரிக்கும். யூனிகோடின் பொதுவிதியில் இந்தி, தெலுங்கு, மலையாளம் போன்றவற்றுக்குக் கூட்டெழுத்தைச் சேர்த்தே வைக்கும் ஏற்பாடு உண்டு. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. பொதுவாக அது சரியான முடிவுதான், தமிழில் புள்ளி வைத்த மெய் தனி எழுத்து. ஆனால் நம் ஊர்க் கடைப் பெயர்களில் பாதி 'ஸ்ரீ'யில்தானே தொடங்குகின்றன! எனவே பிரித்த பிறகு ஒரு சிறு திருத்தம் சேர்க்கிறோம்: 'க்' அடுத்து 'ஷ' வரிசை வந்தாலும், 'ஸ்' அல்லது 'ஶ்' அடுத்து 'ரீ' வந்தாலும் இரண்டையும் மீண்டும் ஒரே துண்டாக ஒட்டிவிடுவது.

அடுத்த சிக்கல் தட்டச்சில் வருவது. 'கௌரி' என்பதைப் பலர் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' தட்டி 'கெளரி' என்று அனுப்புகிறீர்கள். 'ஔவை'யும் இப்படியே 'ஒ' போட்டு 'ள' சேர்த்து வருகிறது. சாதாரணப் பத்தியில் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அசையும்போது 'ள' தனியாகக் கடைசியில் வந்து விழும், அப்போது எல்லோருக்கும் தெரியும். தேடுபொறியிலும் அது வேறு சொல்தான். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து மாற்றிய உரையிலும் கொம்பு இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். தலைப்பை யூனிகோடில் நேரடியாகத் தட்டி, உரையாகவே மின்னஞ்சலில் அனுப்புங்கள். படமாக அனுப்பினால் நாங்கள் மறுபடி தட்ட வேண்டியிருக்கும். பெயரில் ஒற்று மிகுமா என்பதை நாங்கள் முடிவு செய்வது நல்லதல்ல.

நிரல் எழுதும் உங்கள் அலுவலகத் தம்பி தங்கைகளுக்கு: எழுத்துகளை இன்லைன் பிளாக் ஸ்பேன்களில் போடும்முன், ஒவ்வொரு சொல்லையும் ஒரு வெளி ஸ்பேனில் அடைத்து அதற்குள் வரி முறியாதபடி செய்யுங்கள். இல்லாவிட்டால் கைபேசித் திரையில் சொல்லின் நடுவே வரி உடையும். கீழிருந்து எழும் விளைவுக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் போடும்போது, ஆங்கிலத்துக்கான 1.1 வரி உயரம் போதாது. மேலே 'கீ'யின் சுழி, கீழே 'கூ'வின் வளைவு இரண்டும் வெட்டுப்படும். 1.5 வைத்துத் தொடங்கி, எழுத்துருவைப் பார்த்துக் குறையுங்கள். வரிவரியாகப் பிரிப்பதாக இருந்தால் எழுத்துரு இறங்கி முடியும்வரை காத்திருங்கள். மாற்று எழுத்துருவில் அளந்த வரி, உண்மையான எழுத்துரு வந்ததும் வேறிடத்தில் முறியும். திரை வாசிப்பான்கள் துண்டு துண்டாக வாசிக்காமலிருக்க, முழுத் தலைப்பை ஏரியா லேபிளில் தந்து உள் ஸ்பேன்களை ஏரியா ஹிடன் ஆக்குங்கள்.

தலைப்பை மறைத்துவைத்துப் பிறகு காட்டுவதில் இரண்டு ஆபத்து. நிரல் இறங்காமல் போனால் தலைப்பே தெரியாது. எனவே மறைக்கும் வேலையையும் அதே நிரல்தான் செய்ய வேண்டும், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் நிரந்தரமாக எழுதக்கூடாது. இன்னொன்று வேகம். பக்கத்தின் பெரிய உறுப்பு 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். மறைந்திருக்கும் உரையை அது கணக்கில் எடுப்பதில்லை. எழுத்துக்கு 0.03 நொடி இடைவெளி, மொத்தம் 1.2 நொடிக்குள் முடிய வேண்டும் என்பது எங்கள் வரம்பு.

எங்கள் கருத்தைக் கேட்டால், தமிழுக்குச் சொல் சொல்லாக வருவதே அழகு. மேலே சொன்ன தொல்லைகளில் பாதி அதோடு போய்விடும். கடைப்பெயர் மட்டும் எழுத்தாக வரட்டும்.

கைபேசியில் அசைவைக் குறைக்கும் அமைப்பை வைத்திருப்பவர்களுக்குத் தலைப்பு அசையாமலே தோன்றும். உங்கள் போனில் மட்டும் அசையவில்லை என்றால் முதலில் அந்த அமைப்பைப் பாருங்கள்.

லோட்டி என்ற அசைபடக் கோப்பாக லோகோ அனுப்புபவர்கள், அதை உருவாக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் தமிழ் உரையை ஷேப்பாக, அதாவது வரைவடிவமாக, மாற்றிய பிறகே ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். உரையாகவே விட்டால் கொம்பும் காலும் இடம் மாறும்.

பின்னணி வீடியோவை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஜிஃப் வேண்டாம்: 256 நிறம்தான், அதே காட்சி எம்பி4 கோப்பில் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே அடங்கும். 8 முதல் 12 நொடி போதும். ஒலி இருந்தால் நீக்கிவிடுவோம், ஒலியுள்ள வீடியோ தானாக ஓடுவதை உலாவிகள் தடுக்கும். ஐபோனில் பேட்டரி சேமிப்பு முறை இருந்தால் ஒலியில்லாததும் ஓடாது, அதனால் முதல் காட்சியாக நிற்க ஒரு நல்ல நிழற்படமும் சேர்த்து அனுப்பவும்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குத் தலைப்பு வேலைக்குத் தனிக் கட்டணம் கிடையாது. வீடியோ வெட்டிச் சுருக்குவது தனி. கோப்பைப் பார்த்த பிறகு தொகையைச் சொல்வோம்.

இப்படிக்கு,
வலைத்தளப் பராமரிப்புப் பிரிவு