அகலத்தையும் போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல குடும்பத்தோட போக எந்தப் பெரிய வண்டி வாங்கலாம்னு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீங்க, ரெண்டு தடவ படிச்சேன். டச் ஸ்க்ரீன் எத்தன இஞ்ச், சன்ரூஃப் எவ்ளோ தூரம் தொறக்கும், பின் சீட்டுக்கு ஏசி காத்து வருதா, சீட்டே ஜில்லுனு ஆகுதா, எல்லாம் இருந்துச்சு. வண்டி எவ்ளோ அகலம்னு மட்டும் ஒரு எடத்துலயும் காணோம். நாலு வழிச்சாலையில ஓட்டிப் பாத்து எழுதுறவங்களுக்கு அது தேவப்படாது சார். எனக்கு வீடு வலங்கைமான் பக்கம், குடமுருட்டி கரையில. எங்களுக்கு மொதல்ல அதான் வேணும்.

கார் பைத்தியம் எனக்கு அப்பா வழியில வந்தது. அவரு கும்பகோணத்துல டூரிஸ்ட் அம்பாசிடர் ஓட்டுனாரு, முக்காவாசி நவக்கிரக ட்ரிப்புதான். விடியக்காலையில திங்களூர்ல ஆரம்பிச்சா ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம்னு சுத்தி கடைசியா திருநள்ளாறு, அங்க காரைக்கால்ல வெல கம்மிங்கறதால டேங்க்க ரொப்பிக்கிட்டு ராத்திரி வீடு வந்து சேருவாரு. முன்னாடி பெஞ்சு சீட்டு, கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல, பள்ளிக்கூடம் லீவுன்னா நானும் நடுவுல ஒண்டிக்கிட்டு போவேன்.

அதுக்காக அம்பாசிடர சாமியாக்குற ஆளு நான் இல்ல. மாரிஸ் ஆக்ஸ்போர்டுன்னு ஒரு இங்கிலீஷ்காரன் வண்டி, அத 1950கள் கடைசியில இங்க கொண்டாந்து 2014 வரைக்கும் பெருசா மாத்தாம வங்காளத்துல உத்தரபாராவுல செஞ்சிக்கிட்டே இருந்தாங்க. ஸ்டியரிங் மாவாட்டுற மாதிரி இருக்கும், மழையில ட்ரம் பிரேக் நனஞ்சிட்டா நிக்குமா நிக்காதான்னு அந்த நவக்கிரகத்துக்கே வேண்டிக்கணும். பழைய வண்டின்னாலே தங்கம்னு பேசுறவங்க யாரும் அத தெனம் ஓட்டுனவங்க கெடையாது. எனக்குப் புடிச்ச பழைய வண்டின்னா ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மெட்ராஸ்ல செஞ்சது, முன்பக்கம் பானட்டு மட்கார்டோட சேந்து அப்புடியே முன்னாடி சாயும், மெக்கானிக்கு டயர் மேல ஒக்காந்துக்கிட்டு இஞ்சின் வேல பாப்பாரு. 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பிடும். எங்க பக்கம் ஒரு டாக்டர் வச்சிருந்தாரு, கும்பகோணத்து சந்துல அவரு வண்டி திரும்புறதப் பாக்கவே நாங்க நிப்போம்.

இப்ப நான் வச்சிருக்கறது மாருதி 800, 2003 மாடல். 796 சிசி, மூணு சிலிண்டரு. அந்த மாடல் மொத மொதல்ல 1983 டிசம்பர்ல வந்தப்ப தகர டப்பான்னு சிரிச்சாங்களாம், இப்ப என்னையப் பாத்தும் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும், அகலம் 144 சென்டிமீட்டர்தான் சார். கிராமத்து ஒத்த ரோடு 3.75 மீட்டர்னு போடுவாங்க, பல எடத்துல அதுவும் இல்ல, 3 மீட்டர்தான். 800 ரெண்டு எதுருக்கு எதுர வந்தா 288, பாக்கி 87 சென்டிமீட்டர் கெடக்கு, நடுவுல ஒரு சைக்கிளே போயிடலாம். அதே மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-N ஒண்ணு 1,917 மில்லிமீட்டர் அகலம், கண்ணாடி சேக்காமலே. ரெண்டு வந்தா 383 சென்டிமீட்டருக்கு மேல போகுது. அதாவது அந்த ரோட்டுல ரெண்டும் தார விட்டு எறங்காம ஒண்ண ஒண்ணு தாண்டவே முடியாது. நான் அந்த வண்டியக் கொற சொல்லல, ஓட்டிப் பாத்திருக்கேன், அருமையான வண்டி, திருச்சி ரோட்டுல பறக்கும். எங்க ரோட்டுக்கு அது ஆவாது, அவ்ளோதான்.

இத பேப்பர்ல கணக்குப் போட்டு நான் கண்டுபுடிக்கல. தை கடைசியில சம்பா அறுப்பு நேரம், கரை ரோட்டுல பாதிக்கு நெல்லு காயுது. கொள்முதல் நெலயத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுத்துக்க மாட்டாங்க, களம் பத்தாதப்ப அவங்க எங்க போயி காய வப்பாங்க? அத திட்டுற கார்காரங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், நீங்க திங்கிறது அந்த சோறுதான். சரி வுடுங்க. மிச்சப் பாதியில நான் வரேன், எதுத்தாப்புல மூஞ்சியில கொடி கட்டுன பெரிய வண்டி, கறுப்புக் கண்ணாடி, பட்டப்பகல்ல லைட்ட அடிக்கிறான். அவன் பின்னாடி நகர மாட்டான், நகர்ந்தாலும் பின்னாடி என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. எப்பவும் சின்ன வண்டிக்காரந்தான் ரிவர்ஸ் எடுக்கணும், அது எங்க ஊரு எழுதாத சட்டம். மதகு வரைக்கும் பின்னாடியே போனேன், எடது பக்கம் வாய்க்கா, பின் டயரு சேத்துல சறுக்குது. நெல்லு கிண்டிக்கிட்டு இருந்த ஒரு ஆத்தா வெளக்கமாத்தோட ஓடியாந்து டயர குனிஞ்சி பாத்து, இன்னும் நாலு வெரக்கட இருக்குய்யா, வா வா வா, நில்லுன்னு சொல்லி நிறுத்துச்சி. அது மட்டும் இல்லன்னா அன்னிக்கி வாய்க்கால்லதான். அந்த வண்டி நெல்லு மேல ஒரு சக்கரத்த ஏத்திக்கிட்டு போயிட்டான், திரும்பிக்கூட பாக்கல.

உயரம் வேணும்னா ஒத்துக்குறேன். உளுந்து கொடியையும் பயத்தங்கொடியையும் ரோட்டுல பரப்பி வச்சிருப்பாங்க, தாழ்வான வண்டின்னா அடியில சுத்திக்கிட்டு சைலன்சர் சூட்டுல பொகைய ஆரம்பிச்சிடும், ஒரு தடவ எனக்கே ஆயி எறங்கி ஓடியிருக்கேன். அதனால நாலு வெரல் உயரம் குடுங்க, ஆனா உயரத்தோட சேத்து அகலத்தையும் ஏன்யா வளக்குறீங்க?

சர்க்காரும் நீளத்தத்தான் பாக்குது. 2006 பட்ஜெட்ல 4 மீட்டருக்குள்ள இருந்தா வரி கம்மின்னாங்க, ஒடனே கம்பெனிக்காரங்க டிக்கிய நறுக்கி 4 மீட்டருக்குள்ள அடச்சாங்க. 2025 செப்டம்பர்ல சின்ன காருக்கு ஜிஎஸ்டிய 18 சதவீதம் ஆக்குனப்பவும் அதே 4 மீட்டர் கணக்குதான். அகலத்துக்கு ஒரு ரூவா வரி போட்டுப் பாருங்க, எல்லாம் தானா ஒல்லியாவும்.

எங்க ஊருக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு வண்டி வந்துச்சு, டாட்டா நானோ. 2009-ல விக்க வந்தது, 624 சிசி இஞ்சின் பின்னாடி, ஒண்ணரை மீட்டருக்கும் கொஞ்சம் கம்மியான அகலம், சின்ன எடத்துலயும் திரும்பும். ஒரு லட்ச ரூவா காருன்னு ஊரு பூரா பேரு வச்சதுலயே அது செத்துப்போச்சு. எங்க சொந்தத்துல ஒரு பையன் ஆசையா வாங்கப் போனான், மாமனாரு, மாப்ள இதுல வந்து எறங்குனா பந்தல்ல என்னைய என்ன பேசுவாங்கன்னு கேட்டுட்டாரு, அதோட சரி. டெல்டாவுல கார் வாங்குறது ஓட்டுறதுக்கு இல்ல சார், கல்யாண மண்டபத்து வாசல்ல நிறுத்துறதுக்கு.

அதனால உங்கள்ட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அடுத்த ஞாயிறுலேர்ந்து ஸ்க்ரீன் சைஸ் போடுற எடத்துக்குப் பக்கத்துல அகலத்தையும் போடுங்க, கண்ணாடிய விரிச்சி அளந்து போடுங்க.

எதுத்த வீட்டு அண்ணன் உங்க கட்டுரை மாதிரி ஒண்ண படிச்சிட்டுத்தான் போன வருஷம் பெருசா ஒண்ணு எடுத்தாரு. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வச்சி, தெரு மொனை வரைக்கும் வந்துச்சு, உள்ள திரும்பல. இப்ப அது மெயின் ரோட்டு ரைஸ்மில் களத்துல நிக்குது. வீட்டுலேர்ந்து அங்க போய்வர ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வாங்கியிருக்காரு.

இப்படிக்கு,
வாசகன் ஒருத்தன்,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.