செயலாளரின் ஆண்டறிக்கை: கோத்தகிரி வட்டார வீட்டுக்கோழி வளர்ப்போர்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நம் சங்கம் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் இவ்வறிக்கையில் பதிவு செய்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

சாம்பல்நீல இறகுக் கோழிகளைப் பற்றியே இவ்வாண்டு மிகுதியான முறையீடுகள் வந்தன. சேவல், பெட்டை இரண்டையும் அதே நிறத்தில் சேர்த்து அடை வைத்தவர்கள், குஞ்சுகளில் கறுப்பும், வெள்ளையில் மை தெறித்தாற்போன்ற நிறமும் கலந்து வந்ததைக் கண்டு, விற்றவர் ஏமாற்றிவிட்டதாக எழுதியிருந்தனர். விற்றவர் மீது குற்றமில்லை. கறுப்பை வெளிறச் செய்யும் மரபணு தாய், தந்தையில் ஒன்றிடமிருந்து மட்டும் வந்து ஒற்றையாக இருந்தால் சாம்பல்நீலமும், இரண்டிடமிருந்தும் வந்து இரட்டையாக இருந்தால் தெறிப்பு நிறமும் அமையும் என்பதால், சராசரியாக 4 குஞ்சுகளில் 1 கறுப்பு, 2 சாம்பல்நீலம், 1 தெறிப்பு என்றே பொரிக்கும். எல்லாமே சாம்பல்நீலமாக வேண்டுவோர், நாம் காகம் என்று சொல்லும் கறுப்பையும் தெறிப்பையும் இணைக்க வேண்டும். தெறிப்புக் குஞ்சுகளைக் கழிவென்று கறிக்கு அனுப்பிய பிறகே இதை விளக்க நேர்ந்தது வருத்தத்திற்குரியது.

முட்டை நிறம் இதைவிடப் பொறுமை கேட்பது. ஜூலைக் கூட்டத்தில், வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, இரண்டு முட்டைகளை உடைத்துக் காட்டினோம். தவிட்டு நிற முட்டையின் சவ்வை உரித்தபோது ஓட்டின் உட்புறம் வெள்ளையாக இருந்தது. இளநீல முட்டையின் ஓடோ உள்ளும் புறமும் ஒரே நீலம். தவிட்டு நிறம் ஓடு முடியும் தறுவாயில் மேலே படிவது; நீலம் ஓட்டோடு சேர்ந்தே விளைவது. நீல ஓட்டின் மேல் தவிட்டு நிறம் படிந்தால் பச்சை முட்டை கிடைக்கிறது. கருங்கோழி இனமான கடக்நாத்துக்குத் தோலும் இறைச்சியும்தான் கறுப்பு, முட்டை வெளிர்நிறமே. கறுப்பு முட்டை தருவதாகச் சொன்னவருக்கு முன்பணம் அனுப்பிய ஒருவர் நம்மிடையே உண்டு, பெயர் வேண்டாம்.

உறுப்பினர் பலர் பெட்டையை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றனர். சேவல் முட்டையிடாவிட்டாலும் மகள்களின் முட்டை நிறத்தில் அதற்கும் பங்குண்டு. நீல முட்டைக்குரிய மரபணுவை ஒற்றையாக ஏந்திய சேவலை நாட்டுப்பெட்டைகளுடன் விட்டால், பெட்டைக் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதியே நீலமோ பச்சையோ இடும். எவை என்பது ஆறேழு மாதம் கழித்து முதல் முட்டை விழும்போதுதான் தெரியும்.

சிலி நாட்டு அராக்கானா வழிவந்த கோழிகளில் இம்மரபணுவும், மூன்று வரிசையாகத் தாழ்ந்து படிந்த கொண்டைக்குரிய மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருப்பதால், கொண்டையைப் பார்த்தே குஞ்சைத் தேர்வது அவ்வகைக் கோழி வளர்ப்போரின் வழக்கம். நமக்கு அது ஒத்துவராது; சண்டைக்கோழி இனமான பெருவிடைக்கும் அதே கொண்டைதான், முட்டையோ நீலமல்ல. கொண்டையை நம்பி நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சேவல், பெருவிடைத் தாயிடமிருந்து கொண்டையை மட்டும் வாங்கி வந்திருந்தது. மே மாதம் பொரித்த அதன் மகள்கள் மார்கழிப் பனியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தவிட்டு முட்டையே இட்டன. ஓராண்டு வீணானதற்கு நானே பொறுப்பு.

தேயிலைத் தோட்டத்தில் கிடைத்த காட்டுக்கோழி முட்டைகளை, இறகின் அழகுக்காக அடை வைக்கலாமா என்று சிலர் கேட்டனர். கூடாது, சட்டம் அப்பறவையைக் காக்கிறது. வீட்டுக் கோழியின் மஞ்சள் காலுக்குரிய மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதனிடம் வாங்க வேண்டியதை நம் கோழிகள் என்றோ வாங்கிவிட்டன.

வெள்ளைக்கழிச்சல் தடுப்புச் சொட்டு மருந்தை முதல் வாரத்திலேயே இடும் வழக்கம் தொடர்கிறது.

வரும் ஆண்டில் ஒவ்வொரு குஞ்சுக்கும் கால்வளையமும், ஒவ்வொரு அடைக்கும் தாய், தந்தை எழுதிய குறிப்பேடும் கட்டாயமாக்கப்படும். புதிய சேவல் எதுவும், வெள்ளை முட்டையிடும் பெட்டைகளோடு சேர்த்து மகள்களின் முட்டையைப் பார்க்கும் வரை, வெளியே கொடுக்கப்படாது. நீல முட்டையிடும் பெட்டைகள் இன்று சங்கத்தில் மூன்றே உள்ளன. அவற்றின் முட்டைகளை வைக்க அடைக்கோழி தர இயன்றவர்கள் ஏப்ரல் 10ஆம் தேதிக்குள் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்