கணக்கு நோட்டைப் பார்த்தது போதும், சம்பளத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறு பேர் வேலை செய்யும் சிறிய ஆப்செட் அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். பில் புக், லெட்டர் பேட், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, இவைதான் எங்கள் பிழைப்பு. சென்ற மாதம் எங்கள் கடைக்குத் தொழிலாளர் துறையின் ஊதிய ஆய்வு வந்தது. அடுத்து நடந்த வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் பேச்செல்லாம் இதைப் பற்றித்தான். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளை ஆய்விலிருந்து விட்டுவிட வேண்டும் என்று மனு எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நான் போடவில்லை. ஏன் என்று அங்கே விளக்குவதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

குறைந்தபட்சச் சம்பளம்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு இருப்பதற்கே உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1950-களிலேயே சொல்லிவிட்டது. கடை நடத்துகிறவனுக்கு இதைக் கேட்கக் கசக்கத்தான் செய்யும். ஆனாலும் நியாயம் அதுதான். டிரெடில் மெஷினில் பேப்பர் போடும் பையனாக இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். முதலாளி நல்லவரா, சம்பளத்தைப் பிடிப்பவரா என்பதைப் பொறுத்து வாரக் கடைசி எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஆய்வு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆய்வு எதைப் பார்க்கிறது என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

வந்தவர்கள் இரண்டு பேர். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் மெதுவாக என்னை வெளியே அழைத்து, "பார்த்து முடிச்சு அனுப்பிடுங்க" என்றார். வந்தவர்கள் அப்படி எதுவும் கேட்கவில்லை, டீகூட வேண்டாம் என்றுவிட்டார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

வருகைப் பதிவேடு, ஊதியப் பதிவேடு, மிகைநேரப் பதிவேடு, ஊதியச் சீட்டு நகல், ஆட்களின் வயதுச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். மிகைநேரத்தில் வந்து நின்றது விவகாரம்.

அச்சுத் தொழிலில் மிகைநேரம் இல்லாமல் முடியாது. முகூர்த்த மாதம், தேர்தல் சமயம், டிசம்பரில் காலண்டர் வேலை. நாலு நாள் சும்மா கிடந்த மெஷின் ஐந்தாம் நாள் இரவு பத்துப் பதினொன்று வரை ஓடும். என் மெஷின்மேனுக்கு மாதச் சம்பளம் 18,000 ரூபாய். அதை 26 நாளால் வகுத்து, அப்புறம் எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 86 ரூபாய் 54 காசு. மிகைநேரத்துக்கு இரட்டிப்பு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அப்படிப் பார்த்தால் மணிக்கு 173 ரூபாய். நாலு மணி நேரம் கூடுதலாக நின்றால் 692 ரூபாய் வருகிறது. அந்த மாதிரி ராத்திரிக்கு நான் கொடுப்பது 700 ரூபாய் பேட்டா. வவுச்சரில் தேதி போட்டு, கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கிறேன்.

வவுச்சர் கட்டைப் பிரித்துப் பார்த்த அதிகாரி, "இது பேட்டா. மிகைநேர ஊதியம் எங்கே?" என்றார்.

"சார், அந்த வேலைக்குத்தான் இந்தப் பணம்" என்றேன்.

"பதிவேட்டில் ஏறாததை நான் எப்படிச் சார் எடுத்துக்கொள்வது?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அவர் கேட்டது தப்பில்லை. சம்பளம் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளி தலையில்தான் இருக்கிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் கடைசியில் ஆய்வுக் குறிப்பில் எழுதப்பட்டது என்ன தெரியுமா? "மிகைநேர ஊதியம் வழங்கப்படவில்லை." வழங்கப்பட்டது, சட்டம் சொன்னதற்கு மேலே எட்டு ரூபாய் சேர்த்தே வழங்கப்பட்டது. வேறு தலைப்பில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். "பதிவேட்டில் பதியப்படவில்லை" என்று எழுதியிருந்தால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருப்பேன்.

அடுத்தது, சம்பளத்தை அடிப்படை இவ்வளவு, அகவிலைப்படி இவ்வளவு என்று பிரிக்காமல் ஒரே தொகையாக எழுதியிருக்கிறேன் என்பது. மொத்தத் தொகை குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும், தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கத் தேவையில்லை என்று 1999-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. எங்கள் கணக்கர் அதைக் குறிப்பிட்டுப் பதில் எழுதியிருக்கிறார். அது போகட்டும்.

இதில் ஒரு வேடிக்கை, ஊதியப் பதிவேடு அச்சடித்து விற்பவனே நான்தான். கடைத்தெருவில் ஆய்வு என்று சேதி வந்தால் அன்றைக்கு மாலையே எங்களிடம் பதிவேடு விற்றுத் தீர்ந்துவிடும். பன்னிரண்டு மாதக் கணக்கை ஒரே ராத்திரியில் எழுதிவிடுவார்கள். மாதத்துக்கு ஒரு பேனா மாற்றி எழுத வேண்டும் என்கிற அளவுக்கு விவரமானவர்கள். "புதுத் தாள் பளிச்சுன்னு இருக்கு, பழைய ஸ்டாக்கில் கொஞ்சம் பழுப்பேறினது இருந்தா கொடுங்க" என்று ஒருவர் கேட்டார். அவர் கடையிலும் ஆய்வு நடந்தது. குறை எதுவும் இல்லை.

வங்கியில் போட்டுவிட்டால் ஏமாற்ற முடியாது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். போன வருடம் என்னிடம் வேலை கேட்டு ஒரு பையன் வந்தான். இருக்கிற இடத்தை ஏன் விடுகிறாய் என்று கேட்டேன். சம்பளம் முழுதாக அக்கவுண்டில் ஏறுமாம். மறுநாள் 3,000 ரூபாய் எடுத்து வந்து கல்லாவில் கொடுத்துவிட வேண்டுமாம். கொடுக்காவிட்டால் அடுத்த மாதம் வேலை இல்லை. பாஸ்புக்கைப் பார்த்தாலும் ஊதியச் சீட்டைப் பார்த்தாலும் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அந்த மூவாயிரம் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அது அந்தப் பையன் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

அவனிடம் எப்படிக் கேட்பது? எங்கள் கடையில் கேட்ட மாதிரிக் கேட்டால் வராது. பைண்டிங்கில் இருக்கும் அக்கா பசைக் கையோடு எழுந்து நின்றார். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், அதிகாரி அந்தப் பக்கம். "என்னம்மா, சம்பளம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டார். அந்த அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "வருதுங்க சார்." அதோடு முடிந்தது விசாரணை. என் கடையைப் பொறுத்தவரை அந்தப் பதில் உண்மை. ஆனால் மூவாயிரம் திருப்பி வாங்குகிறவர் கடையிலும் முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் இதே இரண்டு சொல்தான் வரும்.

சட்டம் போட்டவர்களுக்குச் சம்பளத்துக்கும் கணக்கு நோட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தக் காலத்தில் 500 ரூபாய் அபராதத்துக்கு யார் பயப்படுவார்கள்? அதை எடுத்துவிட்டு 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத்தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதில் சம்பளத்தைக் குறைத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து வருடத்துக்குள் மறுபடி செய்தால் மூன்று மாதம் வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. பதிவேடு ஒழுங்காக வைக்காததற்கு 10,000 ரூபாய் வரைதான். சில வகைக் குறைகளுக்கு வழக்குப் போடுவதற்கு முன் சரிசெய்துகொள்ள எழுத்து மூலம் வாய்ப்பும் கொடுக்கச் சொல்கிறது. பாக்கிச் சம்பளத்தைக் கேட்டு மனுப்போடத் தொழிலாளிக்கு முன்பு ஆறு மாதம்தான் அவகாசம் இருந்தது, இப்போது மூன்று வருடம். குறைத்துக் கொடுத்த தொகையைப் போலப் பத்து மடங்கு வரை நஷ்ட ஈடாக வாங்கிக் கொடுக்கவும் வழி இருக்கிறது. சங்கத்தில் இதையெல்லாம் பயமுறுத்தலாகப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் தடவைக்கு ஐம்பதாயிரம் கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்வேன். எட்டுப் பேரிடம் மாதம் மூவாயிரம் பிடிப்பவருக்கு அது இரண்டு மாத வரும்படி.

ஆக, சட்டம் வேறு வேறாகப் பார்ப்பதை நடைமுறையில் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். உங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் தொழிலாளிக்கு விடுமுறை விட வேண்டும். வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளமோ, மாற்று விடுமுறையோ கொடுக்க வேண்டும். அன்றைக்கு ஆய்வு நடக்கும். "இத்தனை நிறுவனங்கள் மீது நடவடிக்கை" என்று மறுநாள் செய்தி வரும். குறைந்தபட்ச ஊதிய ஆய்வுக்கும் அதே தலைப்புதான். எத்தனை நிறுவனம் என்று இருக்கும். எத்தனை தொழிலாளிக்கு, எவ்வளவு பாக்கி கண்டுபிடித்தார்கள், அதில் எவ்வளவு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு வரி இருக்காது. எண்ணிக்கைதான் வேலைக்கு அத்தாட்சி என்றால், எந்த அதிகாரியும் சுலபமாக எண்ணிக்கை கிடைக்கிற இடத்துக்குத்தான் போவார். பேட்டா வவுச்சர் வைத்திருக்கும் அச்சகத்தில் அரை நாளில் ஒரு வழக்கு கிடைக்கும். மூவாயிரத்தைத் திருப்பி வாங்குகிறவரைப் பிடிக்க ஒரு மாதம் அலைய வேண்டும். உங்கள் நிருபர்கள் அடுத்த முறை செய்திக்குறிப்பு வாங்கும்போது இந்த ரூபாய்க் கணக்கையும் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

தொழிலாளர் துறைக்கும் இரண்டு மூன்று விஷயம் சொல்ல ஆசை. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். முந்தின வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான விலைக் குறியீட்டு எண்ணின் சராசரியை எடுத்து, புள்ளிக்கு இவ்வளவு என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். அரசாணையைக் கையில் வைத்துக்கொண்டு இதை நானே போட்டுப் பார்த்தேன். என் விடை ஒன்று, கணக்கர் விடை ஒன்று. இதற்கு எதற்கு இவ்வளவு பாடு? உரிமம் எடுத்தபோது எங்கள் எல்லோருடைய கைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டார்கள். "அச்சகத் தொழில், மெஷின்மேன், இந்த ஏப்ரல் முதல் மாதத்துக்கு இவ்வளவு ரூபாய்" என்று தமிழில் ஒரு வரிக் குறுஞ்செய்தி அனுப்பினால் தீர்ந்தது. அதே செய்தி தொழிலாளிக்கும் போனால் இன்னும் நல்லது. தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்த ஆளிடம் குறைத்துக் கொடுப்பது கஷ்டம்.

விசாரணையைக் கடைக்குள் முதலாளி முன்னால் வைக்காதீர்கள். வேலை முடிந்து பஸ் ஏறப் போகும்போது கேளுங்கள், போனில் கேளுங்கள். ஒருவரை மட்டும் கேட்காமல் எல்லோரையும் கேளுங்கள். அப்போதுதான் சொன்னது யார் என்று முதலாளியால் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, இதை எங்கள் சங்கத்தில் யாரும் பேசமாட்டார்கள். எங்கள் தொழிலில் கவர் ஒட்டுவது, அச்சான தாளை மடிப்பது, கல்யாணப் பத்திரிகைக்குக் கயிறு கோர்ப்பது இதெல்லாம் பெரும்பாலும் கடையில் நடப்பதில்லை. மூட்டை கட்டி வீடுகளுக்குப் போகிறது. நூற்றுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கிறோம். நானும் அப்படித்தான் கொடுக்கிறேன். வீட்டு வேலைக்கு நடுவில் எட்டு மணி நேரம் குனிந்து ஒட்டினால் அந்தப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு என்ன தேறும், அது அரசாணைக் கணக்குக்குப் பக்கத்திலாவது வருமா என்று வந்தவர்கள் கேட்கவில்லை. ஆய்வு கடை வாசலோடு திரும்பிப் போய்விட்டது. அடுத்த முறை அந்தத் தெருவுக்கும் போகட்டும். எந்தெந்த வீடு என்று நானே எழுதிக் கொடுக்கிறேன். அதனால் கவருக்குக் கூலி ஏறினால் கல்யாணப் பத்திரிகை விலையை நான் ஏற்ற வேண்டிவரும். ஏற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அச்சக உரிமையாளர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வெளியிட வேண்டாம்.)