வீடு வாங்கும் முன் ஒரு ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குப் போய் வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னது மனசிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பென்சில்வேனியாவில் அலன்டவுன் பக்கம் பார்த்த அந்த வீடு உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிடித்திருக்கிறது, தவணையும் கட்டிவிடலாம், ஆனால் அந்த ஊர்ப் பள்ளிக்கு இணையத்தில் பத்துக்கு நாலுதான் போட்டிருக்கிறார்கள், பக்கத்து ஊருக்கு ஒன்பது, அதனால் கடனைக் கூட்டிக்கொண்டாவது அங்கேயே வாங்கிவிடலாமா என்று கேட்டாய். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. குட்டி அழுதுகொண்டிருந்தான், உனக்கும் வேலை. இது அவசரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

அந்த நாலு என்பது பெரும்பாலும் பரீட்சை மார்க். பரீட்சை மார்க் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களின் வருமானம். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஷான் ரியர்டன் என்ற பேராசிரியர், நாடு முழுவதும் 11,000-க்கும் மேற்பட்ட ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்களின், அதாவது ஊர் ஊராகப் பள்ளிகளை நடத்துகிற நிர்வாகங்களின், மார்க்குகளை எடுத்துப் பார்த்தார். மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதற்கும், அங்கிருந்து எட்டாம் வகுப்புக்குள் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதற்கும் பெரிய சம்பந்தமே இல்லை என்று கண்டுபிடித்தார். சிகாகோ பிள்ளைகள் ஐந்து வருஷத்தில் ஆறு வருஷப் படிப்பு முன்னேறியிருந்தார்கள். சிகாகோ பள்ளிகளை இந்த நாட்டில் யாரும் பெருமையாகப் பேசியதில்லை. பிள்ளை எங்கிருந்து தொடங்குகிறது என்பது வீட்டைச் சொல்கிறது. எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் பள்ளியைச் சொல்கிறது.

நமக்கே நடந்ததை எடுத்துக்கொள். 1995-ல் கும்பகோணத்திலிருந்து வந்தபோது உனக்கு ஏழு வயசு. முதலில் இருந்த ஊரில் உன்னை வகுப்பின் கடைசி மேஜையில் உட்காரவைத்துக் கையில் கிரேயானைக் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாசம். "அமைதியான பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று என்னிடம் சொன்னார்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை, அது ஒருவருக்கும் குறையாகவே படவில்லை. எனக்கும் எதிர்த்துப் பேச ஆங்கிலம் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

மறு வருஷம் பிப்ரவரியில் ஜனாதிபதி கிளின்டனும் துணை ஜனாதிபதி கோரும் நியூ ஜெர்சியில் இருக்கிற யூனியன் சிட்டியில் ஒரு பள்ளிக்கு வந்தார்கள். அப்பா பேப்பரில் படித்துவிட்டு, இவ்வளவு ஏழை ஊரில் பள்ளியைப் பார்க்க ஜனாதிபதி எதற்கு வருகிறார் என்று விசாரித்தார். 1993-லேயே பெல் அட்லான்டிக் என்ற டெலிபோன் கம்பெனி அந்தப் பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்திருந்ததாம். அந்தக் கோடையில் அந்த ஊரின் பெர்கன்லைன் அவென்யூ பக்கம் வீடு மாற்றினோம். வாடகைக்காகத்தான் மாறினோம் என்று நீ இத்தனை நாள் நினைத்திருப்பாய். வாடகையும் ஒரு காரணம்தான்.

ஆனால் அந்த ஊரை மாற்றியது கம்ப்யூட்டர் இல்லை. 1989-ல் நியூ ஜெர்சி மாநிலம் யூனியன் சிட்டிக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்தது. பள்ளி நிர்வாகத்தை அளக்கிற 52 அளவுகோல்களில் 44-ல் தோல்வி, திருந்தாவிட்டால் பள்ளிகளை நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று. அது வெறும் மிரட்டல் இல்லை. அதே வருஷம் பக்கத்திலேயே ஜெர்சி சிட்டியின் பள்ளிகளை மாநிலம் எடுத்துக்கொண்டது, நாட்டிலேயே முதல் முறையாக. யூனியன் சிட்டிக்காரர்கள் பயந்துபோய் வேலையில் இறங்கினார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பும் புத்தகங்களை ஓரம் கட்டினார்கள். வகுப்புக்கு வகுப்பு கதைப் புத்தகங்கள் வாங்கிவைத்தார்கள். தனித்தனி மேஜைகளை எடுத்துவிட்டு நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து உட்கார்கிற மேஜைகள் போட்டார்கள். வருஷத்துக்கு எட்டு மணி நேரம்கூட இல்லாத ஆசிரியர் பயிற்சியை நாற்பது மணி நேரமாக்கினார்கள். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளை முதலில் ஸ்பானிஷிலேயே நன்றாகப் படிக்கட்டும், பிறகு ஆங்கிலத்துக்கு வரட்டும் என்றார்கள். முதல் வருஷம் கீழ் வகுப்புகள், அப்புறம் மேல் வகுப்புகள் என்று படிப்படியாகப் போனார்கள். தமிழுக்கு அங்கே ஆள் இல்லை, உண்மைதான். ஆனால் உன் டீச்சர் உன்னை இரண்டு கியூபா பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரவைத்தார், நீ ஆங்கிலத்துக்கு முன்னால் ஸ்பானிஷ் பேசினாய். நாலாம் வாரம் என்று நினைக்கிறேன், வகுப்பில் அதிகம் பேசுகிறாள் என்று வீட்டுக்குக் குறிப்பு வந்தது. அந்தக் காகிதம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கும்பகோணத்தில் நான் படித்தது நகராட்சிப் பள்ளி. பெயர்தான் நகராட்சி, பாடம், வாத்தியார் சம்பளம் எல்லாம் மெட்ராஸில் முடிவானது. இங்கே அப்படி இல்லை. நியூ ஜெர்சியில் மட்டும் கிட்டத்தட்ட 600 டிஸ்ட்ரிக்ட். ஒவ்வொன்றுக்கும் பள்ளிகளுக்கான முடிவுகளை எடுக்கிற தனி போர்டு, தனி பட்ஜெட், தலைமை அதிகாரியாக ஒரு தனி சூப்பரின்டென்டன்ட். பணத்தில் பெரும்பகுதி வீட்டு வரி. பெரிய வீடுகள் இருக்கிற ஊரில் பள்ளிக்குப் பணம் கொட்டும். யூனியன் சிட்டி ஒன்றேகால் சதுர மைலில் அறுபதாயிரம் பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழ்கிற ஊர், முக்கால்வாசிப் பிள்ளைகளின் வீட்டில் ஸ்பானிஷ் மட்டும்தான். அங்கே என்ன வரி வரும்?

1981-ல் கேம்டன், ஈஸ்ட் ஆரஞ்ச், இர்விங்டன், ஜெர்சி சிட்டி பிள்ளைகள் 20 பேருக்காக வழக்குப் போட்டார்கள். ஆபட் வழக்கு என்று பெயர். 1990-ல் மாநில உச்ச நீதிமன்றம், ஏழை நகரத்துப் பிள்ளைக்கும் பணக்கார ஊர்ப் பிள்ளைக்கு நிகராகச் செலவிட வேண்டும் என்றது. 1998-ல் அதற்கும் மேலே போய், இந்த ஊர்களில் மூன்று, நாலு வயசுப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி நடத்தச் சொன்னது. வகுப்புக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் கூடாது, தகுதி பெற்ற ஆசிரியரும் கூடவே ஓர் உதவியாளரும் இருக்கவேண்டும். அந்த உதவியாளர் வேலைதான் 2001-ல் எனக்குக் கிடைத்தது. பதினான்கு வருஷம் பார்த்தேன், பாப்பா. செப்டம்பரில் எந்த மொழியிலும் சரியாகப் பேசாமல் வருகிற பிள்ளை, ஜூனில் தொட்டியில் விதை போட்டு இது ஏன் இன்னும் முளைக்கவில்லை என்று என் சேலையைப் பிடித்து இழுத்துக் கேட்கும். அந்தப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புப் பரீட்சைக்கு வருவதற்குள் ஐந்து வருஷம் ஓடிவிடும். எந்த இணையதளத்திலும் அந்த ஐந்து வருஷம் தெரியாது.

நிர்வாகம் எப்படி என்று கேட்பாய். அது கொஞ்சம் சங்கடமான கதை, மறைக்கமாட்டேன். யூனியன் சிட்டியில் போர்டுக்குத் தேர்தல் கிடையாது, மேயர்தான் உறுப்பினர்களை நியமிக்கிறார். நியூ ஜெர்சியில் இப்படி இருப்பவை சுமார் ஒரு டஜன் டிஸ்ட்ரிக்ட்தான். 1982-ல் அப்போதைய மேயர் வில்லியம் மஸ்டோ பள்ளிக் கட்டட கான்ட்ராக்டில் லஞ்சம் வாங்கிய வழக்கில் ஏழு வருஷத் தண்டனை பெற்றார். தண்டனை கிடைத்த மறுநாளே தேர்தலில் ஜெயித்தார் என்பதுதான் என்னால் இன்றும் தாங்கமுடியாதது. அவர் மேயராகவும் மாநில செனட்டராகவும் ஒரே சமயத்தில் இருந்தார். இப்போது இருக்கிற பிரையன் ஸ்டாக்கும் அப்படித்தான், 2000-லிருந்து மேயர், 2008-லிருந்து செனட்டரும். ஆனால் பழைய ஸ்டேடியத்தை இடித்த இடத்தில், கூரைமேல் விளையாட்டு மைதானத்தோடு, கிட்டத்தட்ட 18 கோடி டாலர் மாநிலப் பணத்தில் புது உயர்நிலைப் பள்ளி 2009-ல் திறந்தது. நீ படித்த பள்ளி இப்போது நடுநிலைப் பள்ளி. ஒரே மாதிரி அதிகாரம், ஒரு காலத்தில் திருட்டுக்குப் போனது, இன்னொரு காலத்தில் பிள்ளைகளுக்கு வந்தது. ஒரே ஆளின் கையில் இவ்வளவு குவிந்திருப்பது எனக்குப் பிடிக்காது, அடுத்து வருகிறவர் எப்படியோ என்ற பயம் எப்போதும் உண்டு. ஆனாலும் அங்கே ஒன்று சரியாக நடந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் திட்டத்தை மாற்றவில்லை. வெளியூரிலிருந்து யாரையோ கூட்டிவந்து ஊரைத் திருத்தச் சொல்லவில்லை. உள்ளேயே ஆசிரியராக இருந்தவர்கள் மேலே வந்தார்கள், ஆரம்பித்ததையே இருபது வருஷம் செய்தார்கள். 2011-ல் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் ஏறக்குறைய 90 சதவீதம், நாட்டின் சராசரியைவிடப் பத்துப் புள்ளி அதிகம்.

இப்போது உன் விஷயம். பென்சில்வேனியாவில் 500 டிஸ்ட்ரிக்ட், அநேகமாக எல்லாவற்றிலும் ஒன்பது பேர் போர்டு, மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர்கள், சம்பளம் கிடையாது. பள்ளி வரி தனி பில்லாகவே வரும், அதைத் தவணையோடு சேர்த்துக் கணக்குப் போட்டாயா என்று மாப்பிள்ளையைக் கேள். அங்கேயும் வீட்டு வரியை நம்பித்தான் பள்ளிகள் ஓடுகின்றன, 2023 பிப்ரவரியில் அந்த மாநில நீதிமன்றமே இந்தப் பண ஏற்பாடு அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. அதனால் ஏழை ஊர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கூடுகிறது. நாலு மார்க் ஊருக்கும் அது வரலாம்.

முடிவு உங்களுடையது. ஆனால் கையெழுத்துப் போடும் முன் அந்த ஊர் போர்டு கூட்டத்துக்கு ஒரு தரம் போ. யார் வேண்டுமானாலும் போகலாம், ஊர்க்காரர்கள் பேச நேரம் தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எதைப் பற்றி அதிக நேரம் பேசுகிறார்கள் என்று கவனி, வாசிப்பைப் பற்றியா, பார்க்கிங்கைப் பற்றியா. சூப்பரின்டென்டன்ட் எத்தனை வருஷமாக இருக்கிறார், அவருக்கு முன்னால் எத்தனை பேர் மாறினார்கள் என்று கேள். பிரின்சிபால்கள், ஆசிரியர்கள் நிற்கிறார்களா ஓடுகிறார்களா என்று கேள். மூன்று வயசுப் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறார்கள், அதற்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று கேள், ஏனென்றால் அந்த மாநிலத்தில் அது கட்டாயம் இல்லை. ஆங்கிலம் தெரியாமல் வருகிற பிள்ளையை எங்கே உட்காரவைப்பீர்கள் என்று கட்டாயம் கேள். பதில் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார். அப்புறம் ஒன்பது மார்க் ஊருக்கும் போய் அதே கேள்விகளைக் கேள். அங்கே நல்ல பதில் கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

நாலு மார்க் ஊரில் நல்ல பதில் வந்தால் அந்த வீட்டை விட்டுவிடாதே. உன்னை மாதிரி பெற்றவர்கள் எல்லோரும் நம்பரைப் பார்த்து ஒதுங்கினால் அந்தப் போர்டு கூட்டத்தில் யார் எழுந்து கேட்பார்கள்?

கூட்டங்கள் சாயங்காலம்தான் இருக்கும். தேதியைப் பார்த்துச் சொல், அன்றைக்கு நான் பஸ் பிடித்து வந்து குட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். அவனுக்குப் பிடித்த ரவா உருண்டையும் கொண்டுவருகிறேன், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா