அரை மீட்டர் தள்ளி ஒரு கோடு

மதிப்பிற்குரிய பி.டி. சார் அவர்களுக்கும், அணியில் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். நம் கல்லூரியில் மூன்று வருடம் 9-ஆம் நம்பர் ஜெர்சி போட்டு பாஸ்கெட்பால் ஆடியவன் நான். பாதி நேரம் பெஞ்சில்தான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நம் அணியின் மேட்ச் பார்க்க வந்திருந்தேன். தோற்றதைப் பற்றி எழுதவில்லை. 11 புள்ளியில் தோற்றோம், அவர்கள் நம்மைவிட நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான். மூன்றாவது குவார்ட்டரில் நடந்த ஒன்றுதான் அன்று இரவு முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

எதிரணி டூ-த்ரீ ஜோன் போட்டு, ஆளைத் துரத்தாமல் ஆளுக்கோர் இடத்தைக் காத்து நின்றது. மேலே இரண்டு பேர், ரிங்குக்குக் கீழே மூன்று பேர். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் நம் பாயிண்ட் கார்டு உள்ளே புகுந்து மூன்று பேரைத் தன் பக்கம் இழுத்து, வலது கார்னருக்குப் பந்தை வீசினான். அங்கே நின்ற இடதுகைத் தம்பிக்கு முன்னால் ஒரு ஆள்கூட இல்லை. காபி குடித்துவிட்டு வந்துகூடப் போட்டிருக்கலாம். பந்து கைக்கு வந்ததும் அவன் ரிங்கைப் பார்க்கவில்லை சார், பெஞ்சைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பந்தைத் திரும்ப மேலேயே கொடுத்துவிட்டான். நாலு செகண்டில் ஜோன் பழையபடி மூடிக்கொண்டது.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். உங்களுக்கு முன் இருந்த சார் காலத்தில் நானும் அப்படித்தான் பார்ப்பேன். ஒருமுறை வெளியிலிருந்து இரண்டு போட்டேன், இரண்டும் ரிங்கில் பட்டுத் தெறித்தன. "டேய், உள்ள போடா!" என்று ஒரு சத்தம், அடுத்த விசிலில் சப்ஸ்டிடியூஷன். அந்த மேட்ச் முடியும்வரை தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரைக் குறை சொல்லவில்லை. ஓடிப்போய் ரிங்குக்குப் பக்கத்தில் போடும் லே-அப்பும், ரிங்குக்கு முதுகைக் காட்டி நின்று ஆடும் போஸ்ட் ஆட்டமும்தான் அசல் பாஸ்கெட்பால், தூரத்திலிருந்து போடுவது சோம்பேறித்தனம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் எங்களுக்குச் சொன்னார். நாங்கள் ஜூனியர்களுக்குச் சொன்னோம். இப்படித்தான் அது இந்தத் தம்பிவரை வந்திருக்கிறது.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு புள்ளி ஷாட்டில் பத்துக்கு ஐந்து விழுந்தால் 10 புள்ளி. வெளியிலிருந்து, அதாவது த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு அப்பால் நின்று போடும் மூன்று புள்ளி ஷாட்டில் (த்ரீ), பத்துக்கு நான்கு விழுந்தால் 12. மூன்றில் ஒன்று விழுந்தாலே, உள்ளே பாதிக்குப் பாதி போடுகிறவனுக்குச் சமம். நம் பையன்கள் நெருக்கத்தில், இடி வாங்கிக்கொண்டு, பாதி போடுகிறார்களா? அன்று நான் எண்ணிப் பார்த்தேன், போடவில்லை. ஆனால் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நம்மிடம் ஒரு நெட்டைப் பையன் இருக்கிறான், நல்ல கை. அவனைச் சுற்றி எப்போதும் மூன்று பேர், ஏனென்றால் நம் அணியில் வெளியே நிற்கும் எவனும் போடமாட்டான் என்று எதிரணிக்குத் தெரியும். கார்னரில் ஒருவன் இரண்டு த்ரீ போட்டுவிட்டால், மூன்றாவது தடவை கீழே இருப்பவன் அவனை நோக்கி ஓடியே ஆக வேண்டும். அப்போதுதான் நெட்டைப் பையனுக்கு முதுகைத் திருப்பி ஆட இடம் கிடைக்கும். த்ரீ போடுவது ஷூட்டருக்கு மட்டும் புள்ளி சேர்க்கிற வேலை இல்லை. ரிங்குக்குக் கீழே ஆடும் சென்டருக்கு, நம் நெட்டைப் பையனுக்கு, வாசல் திறந்துவிடும் வேலையும் அதுதான்.

அமெரிக்கக் கல்லூரிகளிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. அங்கே 1986-87 சீசனில்தான் எல்லாக் கல்லூரிகளுக்கும் இந்த த்ரீ பாயிண்ட் கோடு வந்தது. இந்தியானா பல்கலைக்கழகக் கோச் பாப் நைட்டுக்கு அந்த விதியே பிடிக்காது. அதே சீசன் இறுதிப் போட்டியில் அவருடைய ஆட்டக்காரர் ஸ்டீவ் ஆல்ஃபோர்ட்டுக்கு ஏழு த்ரீ விழுந்தது. இந்தியானா 74-73 என்று ஒரே புள்ளியில் சிரக்யூஸை ஜெயித்தது. பிடிக்காத விதியில் கோப்பை வாங்கிய மனிதர்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2024 மார்ச்சில் நடந்தது. ஓக்லண்ட் என்ற, அதிகம் பேர் கேள்விப்பட்டிராத மிச்சிகன் மாநில அணி, கென்டக்கியோடு மோதியது. கென்டக்கியில் இருந்த இரண்டு பையன்கள் அந்த வருட என்.பி.ஏ. டிராஃப்ட்டில், அதாவது அமெரிக்கத் தொழில்முறை லீக் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதில், முதல் எட்டு இடத்துக்குள் எடுக்கப்பட்டார்கள். ஓக்லண்டில் ஜாக் கோல்கி என்றொருவர், த்ரீயைத் தவிர வேறு எதையும் அதிகம் போடாதவர். அன்று 20 த்ரீ போட்டார், 10 விழுந்தது, 32 புள்ளி. ஓக்லண்ட் 80-76 என்று ஜெயித்தது. எல்லோரும் விழுந்த பத்தைப் பேசுகிறார்கள். விழாத பத்தை யோசித்துப் பாருங்கள் சார். பத்து முறை தவறவிட்ட பையனைக் கோச் உட்கார வைக்கவில்லை. நான் இரண்டுக்கே பாட்டில் தூக்கினேன்.

எதிர்ப்பக்கமும் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள். 2023-இல் பர்டியூ என்ற அமெரிக்கக் கல்லூரி அணி 26 த்ரீ போட்டு 5 மட்டும் விழுந்து, ஃபேர்லி டிக்கின்சன் என்ற குட்டி அணியிடம் 63-58 என்று தோற்றது. தூரத்து ஷாட் தவறினால் பந்து தூரமாகத் தெறிக்கும், எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடும். எல்லாம் உண்மை. அதனால்தான் எல்லோரும் போட வேண்டும் என்று கேட்கவில்லை. இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர். பந்தைத் தட்டிக்கொண்டே வந்து ஸ்டைலுக்குப் போடுவது வேண்டாம் (தம்பிகளே, இது உங்களுக்கு). உள்ளே புகுந்தவன் வெளியே கொடுக்க, கால் இரண்டையும் ஊன்றித் தயாராக நிற்பவன் போடும் ஷாட்தான் வேண்டும்.

இப்போது நம் கிரவுண்டுக்கு வருகிறேன், உண்மையில் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். மேட்ச் முடிந்த மறுநாள் காலை கல்லூரிக்குப் போய், சிமெண்ட் கோர்ட்டில் டேப் வைத்து அளந்தேன். வாட்ச்மேன் அண்ணன் கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்துக்கொண்டார். நம் த்ரீ பாயிண்ட் கோடு ரிங்கின் நடுவிலிருந்து 6.25 மீட்டரில் இருக்கிறது. சர்வதேச பாஸ்கெட்பால் அமைப்பான ஃபிபா அதை 6.75 ஆக்கியது 2010-இல். நான் ஆடியபோது வரைந்த கோட்டின் மேலேயே திரும்பத் திரும்ப பெயிண்ட் அடித்து வந்திருக்கிறோம். அந்த மேட்சில், நாலாவது குவார்ட்டரில், ஒரே ஒரு பையன் துணிந்து போட்டான், நெட் சத்தம் கேட்க விழுந்தது. நம் ஆட்கள் குதித்தார்கள். ரெஃப்ரி இரண்டு விரலைத்தான் காட்டினார். பையன் அங்கிருந்த 6.75 கோட்டுக்கு உள்ளே நின்றிருந்தான். அவன்மேல் தப்பே இல்லை. வருடக்கணக்காக அவன் கால் பழகிய இடம் அது.

அந்த அரை மீட்டரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கை பலத்தால் அது வராது, முழங்காலிலிருந்து வர வேண்டும். நாலாவது குவார்ட்டரில் கால் ஓய்ந்தபின் பந்து ரிங்கின் முன்பக்கத்தில்தான் முட்டும். 6.25-இல் பழகியவனுக்கு அது புரியாது, அன்று கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வான்.

பயிற்சியைப் பற்றி ஒன்றுதான் கேட்கிறேன். இப்போது லே-அப் வரிசை, பிறகு ஆட்டம், இருட்டிய பிறகு நேரமிருந்தால் ஷூட்டிங். அதை நடுவில் கொண்டுவாருங்கள், ஓடி மூச்சு வாங்கும்போது. இரண்டு பேருக்கு ஒரு பந்து. ஒருவன் போட வேண்டும், மற்றவன் எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு கார்னர், இரண்டு பக்கவாட்டு, நேர் எதிரே என ஐந்து இடம், இடத்துக்குப் பத்து. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆள் மறிக்காதபோது பாதியாவது விழுகிறவனுக்குத்தான் மேட்சில் கை முன்னால் வரும்போது மூன்றில் ஒன்று விழும். ஒரு மாத நோட்டைப் பார்த்தால் யார் போடலாம் என்பது தெரிந்துவிடும். பிறகு அவன் பெஞ்சைப் பார்க்கத் தேவையில்லை, அவன் பேர்தான் நோட்டில் இருக்கிறதே. தேய்ந்து வழுக்கும் பந்துகளை மட்டும் இதற்குக் கொடுக்காதீர்கள்.

கோட்டு வேலையை என்னிடம் விடுங்கள். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருகிறேன், வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். ரிங்குக்குப் பின்னால் இருக்கும் எண்ட் லைனின் உள்விளிம்பிலிருந்து 1.575 மீட்டரில், ரிங்கின் நடுவுக்கு நேர் கீழே ஓர் ஆணி. அதில் சணல் கயிறு கட்டி, 6.75-இல் சாக்பீஸ் வைத்துச் சுற்ற வேண்டும். பக்கக் கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் விட்டு நேர்க்கோடு இரண்டு. டேப், கயிறு, வெள்ளை பெயிண்ட் நான் கொண்டுவருகிறேன். பழைய கோட்டை மறைக்கச் சிமெண்ட் நிறத்தில் ஒரு டப்பாவும் வாங்கியாகிவிட்டது. நீங்கள் கேட் சாவிக்கு மட்டும் வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வையுங்கள் சார். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க அந்த இடதுகைத் தம்பியை அனுப்பினால் நல்லது.

அன்புடன்,
பழைய 9-ஆம் நம்பர்