விடுமுறைக்கு வாங்கித் தரும் புத்தகமா அது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், விடுமுறையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாம் என்று ஏழு காமிக்ஸ் புத்தகங்களைப் பட்டியல் போட்டிருந்தீர்கள். நான்காவது, பெர்செர்க். 'பழிவாங்கப் புறப்பட்ட ஒருவன் பேய்களை வெட்டித் தள்ளும் விறுவிறுப்பான ஜப்பானியப் படக்கதை. ஆசிரியர் மறைந்த பிறகும் இழுத்துக்கொண்டே போகிறார்கள்.' அவ்வளவுதான் குறிப்பு. எழுதியவர் அட்டையைத் தாண்டவில்லை என்று தெரிகிறது. அட்டை நன்றாகத்தான் இருக்கும், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் என் அக்கா அதை நம்பிவிட்டாள். உங்கள் நாளிதழில் வந்தால் அவளுக்கு வேதவாக்கு. ஆறாம் வகுப்பு முடித்த மகனுக்காக, மூன்று பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கெட்டி அட்டைப் பதிப்பை மூவாயிரத்துக்கும் மேல் கொடுத்து வரவழைத்தாள். பெரியவர்களுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் இருந்த எச்சரிக்கை, பிளாஸ்டிக் உறையோடு குப்பைக்குப் போய்விட்டது. முதல் பாகம் ஒரு படுக்கைக் காட்சியில்தான் தொடங்குகிறது, அதற்கு மேல் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பையன் கையில் கொடுக்கும் முன் அக்கா திறந்து பார்த்தது அதைத்தான். உடனே எனக்கு போன். "ஏன்டா, இத்தனை வருசமா ராத்திரி ராத்திரி உக்காந்து நீ படிச்சது இதைத்தானா?" நாற்பத்தாறு வயதில், லேத் ஓடிக்கொண்டிருக்க, வேலை செய்கிற பையன்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் தெருவுக்கு வந்து நின்று விளக்கம் சொன்னேன்.

சரி, அது எங்கள் குடும்ப விஷயம். எனக்கு உறுத்துவது 'பழிவாங்க' என்று போகிற போக்கில் எழுதியதுதான்.

கதாநாயகன் கட்ஸ் பழிவாங்கப் புறப்பட்டவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. உயிராக நினைத்த படைத்தலைவன் கிரிஃபித், தான் மேலான பிறவி எடுப்பதற்காகத் தன் படையையே பேய்களுக்குக் காவு கொடுத்தான். கட்ஸுக்கு ஒரு கண்ணும் இடது கையும் போயின. கூடப் பிழைத்த அவன் காதலி காஸ்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. இதெல்லாம் பதின்மூன்றாம் பாகத்துக்குள் முடிந்துவிடுகிறது. நாற்பதைத் தாண்டிப் போகிற தொடரில் மீதியெல்லாம் வெறும் வெட்டுக்குத்து என்றா நினைத்தார் உங்கள் கட்டுரையாளர்?

இரண்டு வருடம் பேய்களைத் தேடித் தேடி வெட்டிவிட்டு, கட்ஸ் கிழட்டுக் கொல்லன் கோடோவின் பட்டறைக்குத் திரும்புகிறான். அங்கே பத்திரமாக இருப்பாள் என்று விட்டுப்போன காஸ்காவைக் காணோம். கோடோவோ நோயில் படுத்தவர். அவர் ஆறுதல் சொல்வதில்லை. துக்கத்தை நேராகப் பார்க்கத் தெம்பில்லாதவன் ஓடிப்போய் ஒளிகிற இடம்தான் வெறுப்பு என்கிறார். பழிவாங்குவது, பல் விழுந்த வாளை ரத்தத்தில் முக்கித் தீட்டுகிற மாதிரி. தீட்டத் தீட்டத் துருதான் ஏறும் என்கிறார். செத்தவர்களுக்காக என்று கிளம்பி, கையில் மிஞ்சியிருந்த ஒருத்தியையும் விட்டுவிட்டாயே என்கிறார். கட்ஸால் பதில் பேச முடிவதில்லை. கதை திரும்புவது அங்கேதான். அதற்கப்புறம் அவன் அலைவது காஸ்காவைக் காப்பாற்ற. கிரிஃபித்தை வெட்ட வேண்டும் என்ற வெறி உள்ளே கிடந்து குமைகிறது, அதை அடக்கி அடக்கித்தான் நடக்கிறான்.

நானும் இரும்பில் பிழைப்பவன், அந்தப் பேச்சு எனக்குப் புரியும். 2009-ல் என் பங்குதாரர் பெரிய ஆர்டர்கள் இரண்டைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனார். அவரை ஒழிக்க வேண்டும் என்பதற்காகவே நான்கு வருடம் டர்னிங் (லேத் கடைசல்) ரேட்டை அடக்க விலைக்கும் கீழே இறக்கினேன். அவர் இன்றும் நன்றாக இருக்கிறார். நான்தான் ஒரு மெஷினை விற்றேன். அந்தச் சமயத்தில் வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு நினைவே இல்லை. கோடோவின் பேச்சை நான் படித்தது அதற்குப் பிறகு. இந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளின் விடுமுறைப் பட்டியலில் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. கட்ஸ் தூக்கி வீசும் அந்த வாள். ஆறடி நீளம், ஓரடி அகலம், ஒரு அங்குலம் கனம் என்று குறைத்து வைத்துக் கணக்குப் போட்டாலும் நூறு கிலோவைத் தாண்டும். அப்படி ஒரு எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட்டை எங்கள் பட்டறையில் இரண்டு பேர் நகர்த்தினாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். இந்தக் கதையை எழுதி வரைந்த கென்டாரோ மியூரா அந்தக் கனத்தை வெறும் கோட்டிலேயே காட்டினார். கட்ஸ் வீசும்போது வாள் முதலில் போகாது, கால் ஊன்றும், இடுப்பு திரும்பும், அப்புறம்தான் இரும்பு வரும். இதை உங்கள் இணைப்பில் பார்க்க வழியில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பக்கத்தை எடுத்துப் போட்டீர்கள். ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடம் என்பது தாங்கள் அறியாததல்ல. ஆனால் இடது ஓரக் கட்டத்தையே முதல் கட்டமாக எடுத்து, வெட்டி வரிசையாக ஒட்டியிருந்தார்கள். அதில் இரண்டாகப் பிளந்து கிடந்தவன் எழுந்து நிற்கிறான், அப்புறம் கட்ஸ் வாளை ஓங்குகிறான். அப்போதும் நான் கடிதம் எழுதினேன். நான்கு வரி வந்தது, அதில் இரண்டு வரி உங்கள் இணைப்பைப் பாராட்டி நான் மரியாதைக்கு எழுதியது.

மியூரா 2021 மே 6-ஆம் தேதி இறந்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயில் கிழிசல், வயது 54. 1989-ல் தொடங்கிய தொடர், முப்பது வருடத்துக்கும் மேலான உழைப்பு. நீங்கள் போட்டது 'கார்ட்டூனிஸ்ட் மறைவு' என்று மூன்று வரி. கூடவே வெள்ளைக் கவசத்தில் கிரிஃபித் படம், அடியில் 'கதாநாயகன்' என்று. தன் படையைக் காவு கொடுத்தவன், ஐயா!

'இழுக்கிறார்கள்' என்பதற்கும் சொல்லிவிடுகிறேன். அவர் வரைந்த கடைசி அத்தியாயம், 364-ஆவது, அந்த செப்டம்பரில் யங் அனிமல் இதழில் வந்தது. 2022 ஜூனில் தொடர் மறுபடி தொடங்கியது. வரைவது அவரோடு வேலை செய்த ஸ்டுடியோ காகா என்ற ஓவியக் குழுவினர். மேற்பார்வை கோஜி மோரி, பள்ளிக்கூடக் காலத்து நண்பர். ஏறத்தாழ முப்பது வருடத்துக்கு முன்பே முடிவு வரைக்கும் மியூரா அவரிடம் சொல்லிவைத்திருந்தார். மியூரா சொன்னதை மட்டும்தான் எழுதுவேன், சொந்தச் சரக்கைச் சேர்க்க மாட்டேன் என்று மோரி வாசகர்களுக்கு எழுதிக் கொடுத்தார். படம் பழைய மாதிரி இல்லை என்று எனக்கும் குறை உண்டு. அது வேறு. நண்பன் சொல்லிவிட்டுப் போனதை முடித்துக் கொடுப்பவரைப் பார்த்து இழுக்கிறார் என்றால், அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறன்று, 'பட்டியலில் நான்காவது புத்தகம் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது' என்று ஒரு வரி திருத்தம். எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், ராசிபலனுக்கு அடியில் என்றாலும் சரி. அதை வெட்டிக்கொண்டு போய் அக்காவிடம் காட்ட வேண்டும். கடிதத்தைச் சுருக்கினால் கோடோ வரும் பத்தியை மட்டும் விட்டுவையுங்கள்.

புத்தகம் இப்போது அக்கா வீட்டு பீரோ மேலே இருக்கிறது, உங்கள் ஞாயிறு இணைப்பிலேயே சுற்றி.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
கணபதி, கோயம்புத்தூர்.