விளம்பரம் ஒன்று, நடத்தியது வேறு: பெண் ஓவியர் நடைச் சுற்றுலா பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
தமிழ் நகர்நடைப் பிரிவு, லண்டன்.

பொருள்: எலிசபெத் சிடால் நடைச் சுற்றுலா – கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தமிழில் நடத்திய எலிசபெத் சிடால் நடையில் நானும் என் அக்காவும் கலந்துகொண்டோம். தலைக்கு 24 பவுண்டு கட்டணம். "விக்டோரியா காலத்துப் பெண் ஓவியர் ஒருவர் வாழ்ந்த, வரைந்த தெருக்கள்" என்று விளம்பரம் செய்திருந்தீர்கள். மூன்று மணி நேரம் நடந்தோம். அவர் வரைந்த ஒரு படத்தின் பெயர்கூட எங்கள் காதில் விழவில்லை.

சில்லறைக் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடும் இடத்தை அன்று காலை குறுஞ்செய்தியில் மாற்றினீர்கள். தருவதாகச் சொன்ன காதுக்கருவி வரவில்லை. பேருந்துச் சத்தத்தில் பின்வரிசைக்காரர்களுக்குப் பாதிக்கு மேல் கேட்கவில்லை. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது வழிகாட்டி சொன்ன கதை. லெஸ்டர் சதுக்கத்தின் அருகே, சிடால் தொப்பிக்கடையில் வேலை பார்த்த கிரான்போர்ன் சந்துப் பக்கம் தொடங்கினோம். அங்கே கேட்டதெல்லாம் அவருடைய சிவந்த கூந்தலும், அதைக் கண்டு ஓவியர்கள் சொக்கிப்போனதும்தான். அடுத்தது கோவர் தெரு 7ஆம் எண் வீடு. நடைபாதையில் அரைமணி நேரம் நிறுத்திவைத்து, ஓவியர் மில்லே வரைந்த ஒஃபீலியா (ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நீரில் மூழ்கி இறக்கும் பெண்) ஓவியத்துக்காக சிடால் குளியல்தொட்டியில் கிடந்த கதையைச் சொன்னார். தொட்டிக்கு அடியில் எரிந்த விளக்குகள் அணைந்தது, தண்ணீர் சில்லிட்டது, அவருக்குக் காய்ச்சல் கண்டது, அப்பா 50 பவுண்டு நஷ்டஈடு கேட்டது எல்லாம் வந்தன. சுவையாகத்தான் சொன்னார், மறுக்கவில்லை. ஆனால் "அந்தக் குளிரிலேயே அவர் உயிர் போயிற்று" என்று முடித்தார். தொட்டியில் கிடந்தது 1851–52 குளிர்காலம். அவர் இறந்தது 1862 பிப்ரவரி 11, லாடனம் என்ற அபின் மருந்தை அளவுக்கு மீறிக் குடித்ததால். இடையில் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. அவர் ஓவியராக வாழ்ந்ததே அந்தப் பத்து ஆண்டுகளில்தான்; அதை வழிகாட்டி ஒரே வாக்கியத்தில் துடைத்துவிட்டார்.

1855இல் கலை விமர்சகர் ரஸ்கின் சிடாலின் படங்களை மொத்தமாக வாங்கி, ஆண்டுக்கு 150 பவுண்டு தர ஏற்பாடு செய்தார். 1857இல் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தை ஒட்டிய ரஸ்ஸல் பிளேஸில் முன்-ரஃபேலியர்கள் என்ற ஓவியர் குழு கண்காட்சி வைத்தபோது, அதில் இடம்பெற்ற ஒரே பெண் சிடால்தான். அந்த இடம் கோவர் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரம். அங்கே போவோமா என்று கேட்டேன். "அது நம்ம ரூட்டில் இல்லைங்க" என்றார். ஓவியர் பெயரில் நடத்தும் நடையில் அவர் படம் வைத்த இடம் இல்லையென்றால், வேறு எதற்குத்தான் அந்த ரூட்?

1853–54இல் அவர் தன்னைத் தானே வரைந்த வட்டமான எண்ணெய் ஓவியம் ஒன்று உண்டு. கனத்த இமைகள், இறுக மூடிய உதடு, மெருகேற்றாத முகம். ஆண்கள் வரைந்த சிடாலுக்கும் இந்த முகத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அதன் அச்சுப்பிரதி ஒன்றைக் கையில் கொடுத்திருந்தாலே போதும், நாங்கள் பார்க்க வந்தவர் யார் என்று தெரிந்திருக்கும்.

கடைசி நிறுத்தம் பிளாக்ஃபிரையர்ஸ் பாலம். அங்கே சாட்டம் பிளேஸில் சிடாலும் அவர் கணவர், ஓவியரும் கவிஞருமான ரொசெட்டியும் குடியிருந்த வீடு இப்போது இல்லை. வீடு இல்லாவிட்டால் என்ன, அவர் அங்கே என்ன வரைந்தார் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, பல மைல் தள்ளி ஹைகேட்டில் இருக்கும் சிடாலின் கல்லறைக்கு வழிகாட்டி தாவிவிட்டார். மனைவியோடு புதைத்த கவிதை நோட்டை எடுக்க 1869இல் ரொசெட்டி கல்லறையைத் தோண்டவைத்தது உண்மை. பெட்டி நிறைய கூந்தல் வளர்ந்து கிடந்தது என்பதையும் உண்மை போலவே சொன்னார். செத்தவர் தலையில் முடி வளராது. கூட்டத்தில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள் வேறு அதை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வழிகாட்டியைத் தண்டிக்கச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிக்கொடுத்ததைத்தான் அவர் ஒப்பித்தார் என்று நினைக்கிறேன். நான் கேட்பவை: இருவர் கட்டணத்தில் பாதியாகிய 24 பவுண்டை, பணம் கட்டிய அதே அட்டையில் திருப்பித் தாருங்கள், அடுத்த நடைக்கான கூப்பன் வேண்டாம். ரஸ்ஸல் பிளேஸையும் அவர் படங்களையும் சேர்த்து நடையை மாற்றுங்கள். முடியாதென்றால் "பெண் ஓவியர்" என்ற சொல்லை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

சீட்டின் நகலும் உங்கள் விளம்பரத்தின் படமும் இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அட்டை நிறுவனத்திடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
முன்பதிவில் உள்ள பெயருக்குரிய வாடிக்கையாளர்